பத்தாயிரம் அட்டைகளில் தேடிய ஒரு சிறு சொல்

கணினியில் நீண்ட தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, அதில் 'மரம்' என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள். 'மரம்' என்று அப்படியே வரும் இடங்களைக் கணினி காட்டும். 'மரத்தை', 'மரத்தடியில்', 'மரங்கள்', 'மரமும்' என்று வரும் இடங்களை விட்டுவிடும். எழுதியவருக்கும் படிப்பவருக்கும் இவை எல்லாமே மரம்தான். கணினிக்கோ அவை வெவ்வேறு எழுத்து வரிசைகள். பொழுதுபோக்காகத் தேடுபவருக்கு இது பெரிய இழப்பில்லை. ஆனால், பழைய இதழ்த் தொகுப்பிலோ, தீர்ப்புகளின் திரட்டிலோ, அரசு ஆவணங்களிலோ ஒன்றைத் தேடுபவரின் நிலை வேறு. தேடிக் கிடைக்காததை அவர் இல்லாதது என்றே முடிவு கட்டிவிடுவார்.

இந்தச் சிக்கல் தமிழுக்கு மட்டும் உரியதன்று; இணையத்தோடு பிறந்ததுமன்று. கணினி என்பது இன்னும் சில ஆய்வுக்கூடங்களைத் தாண்டாதிருந்த காலத்திலேயே இத்தாலியத் துறவி ஒருவர் இதை எதிர்கொண்டார். அவருக்கு அது ஒரே ஒரு சிறு சொல்லில் தொடங்கியது.

இயேசு சபையைச் சேர்ந்த ராபர்ட்டோ பூசா (1913-2011), இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸின் நூல்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் எடுத்துக்கொண்ட பொருள், 'உடனிருத்தல்' என்ற கருத்தை அக்வினாஸ் எவ்வாறு புரிந்துகொண்டார் என்பது. அக்கருத்தைக் குறிக்கும் லத்தீன் பெயர்ச்சொற்களைப் பொருளடைவுகளில் தேடிச் சேர்த்த பிறகுதான், தாம் தேடுவது அங்கே இல்லை என்பதை அவர் உணர்ந்தார். அக்வினாஸின் சிந்தனை அந்தப் பெயர்ச்சொற்களைச் சுற்றி அமையவில்லை. 'இன்' என்னும் சின்னஞ்சிறு லத்தீன் இடைச்சொல்லைச் சுற்றி அமைந்திருந்தது. ஏறத்தாழ நம்முடைய 'இல்' உருபின் வேலையைச் செய்யும் சொல் அது.

இப்படிப்பட்ட சொல்லுக்கு எந்தப் பொருளடைவு இடம் கொடுக்கும்? வேறு வழியின்றி, அந்தச் சொல்லோ அதனோடு தொடர்புடைய சொல்லோ வரும் வாக்கியங்களை, ஒவ்வொன்றாக, 10,000 அட்டைகளில் தம் கையாலேயே எழுதினார். பிறகு அவற்றை மேசைமேல் பரப்பி, சீட்டு விளையாடுபவரைப் போல மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தார். 1946-இல் ஆய்வு நிறைவேறியது. ஒரு சொல்லுக்கே இவ்வளவு உழைப்பென்றால், அக்வினாஸ் எழுதிய அத்தனை சொற்களுக்கும் இதைச் செய்வது எப்படி என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

ஒரு நூலில் வரும் ஒவ்வொரு சொல்லையும் அகர வரிசைப்படுத்தி, அது வரும் தொடரையும் இடத்தையும் சேர்த்துக் காட்டும் தொகுப்பைத் தொடரடைவு என்கிறோம். ஐரோப்பாவில் இது பழைய கலை. 1230 வாக்கிலேயே பாரிஸில் டொமினிக்கன் துறவிகள் பலர் கூடி, விவிலியத்துக்கு இத்தகைய அடைவொன்றை உருவாக்கினார்கள். பூசாவுக்குத் துறவிகளின் படை கிடைக்கவில்லை. 1949-இல் அவர் அமெரிக்கா சென்று, இயந்திரங்களைத் தேடி ஊர் ஊராக அலைந்து, இறுதியில் நியூயார்க்கில் ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனைச் சந்தித்தார்.

அந்தச் சந்திப்பைப் பற்றிப் பூசா பிற்காலத்தில் சொன்ன கதை சுவையானது. இது இயலாத காரியம் என்று பொறியாளர்கள் முன்னதாகவே வாட்சனிடம் அறிக்கை கொடுத்திருந்தார்கள். காத்திருப்பு அறையில், கடினமானதை உடனே செய்வோம், இயலாததற்குச் சற்றுக் கூடுதல் நேரமாகும் என்ற கருத்தில் அந்நிறுவனமே அச்சிட்டிருந்த விளம்பரத் தட்டி ஒன்று பூசாவின் கண்ணில் பட்டது. அதைக் கையோடு எடுத்துச் சென்று வாட்சனின் முன் வைத்தார். வாட்சன் இசைந்தார், ஐபிஎம் என்ற பெயரிலுள்ள 'பி' நாளைக்குப் 'பூசா' என்று ஆகிவிடக் கூடாது என்ற நிபந்தனையுடன்.

அன்று அவருக்குக் கிடைத்தது நாம் இன்று கணினி என்று அழைக்கும் பொருளன்று. துளை அட்டைகளைக் கையாளும் கணக்கெடுப்பு இயந்திரங்கள். அட்டை ஒன்றில் 80 நெடுவரிசைகள். ஒரு வரிசைக்கு ஓர் எழுத்து. எழுத்தைக் குறிக்க வரிசைக்கு இரண்டு துளைகள். உரையின் ஒவ்வொரு வரியும் ஓர் அட்டையில் துளையிடப்படும். பிறகு அந்த வரியிலுள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அட்டை, அது எங்கிருந்து வந்தது என்ற குறிப்புடன் உருவாகும். அந்தச் சொல்லட்டைகளை அகர வரிசையில் அடுக்கிவிட்டால் தொடரடைவின் எலும்புக்கூடு தயார்.

அடுக்கும் முறையில்தான் நுட்பம் இருக்கிறது. வரிசைப்படுத்தும் இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நெடுவரிசையைத்தான் பார்க்கும். அதனால், சொல்லின் கடைசி எழுத்திலிருந்து தொடங்கி, முதல் எழுத்தை நோக்கிப் பின்னோக்கி வர வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு துளைகள் என்பதால், அட்டைக் கட்டு முழுவதும் எழுத்துக்கு இருமுறை இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். பத்தெழுத்துச் சொற்கள் என்றால் இருபது முறை. அக்கால ஐபிஎம் இயந்திரமொன்று நிமிடத்துக்கு 650 அட்டைகளைத் தள்ளியது. பூசா கைப்பட எழுதிய 10,000 அட்டைகளை அதில் இட்டிருந்தால், கட்டுகளை எடுத்து வைக்கும் நேரம் நீங்கலாக, ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். கணினி அறிவியல் மாணவர்கள் இன்றும் இதே பின்னோக்கு முறையைப் பாடமாகப் படிக்கிறார்கள்.

வடக்கு இத்தாலியின் கல்லராத்தே என்ற சிறு நகரில் 1956-இல் இதற்கென்றே ஒரு மையம் அமைந்தது. பின்னர், அது ஒரு பழைய துணி ஆலைக் கட்டடத்துக்கு இடம்பெயர்ந்தது. இது பொருத்தமான இடம்தான். துளை அட்டை என்ற கருவியே நெசவிலிருந்து வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் ஜக்கார்டு தறியில் பூவேலைப்பாட்டைத் தீர்மானித்தவை துளையிட்ட அட்டைகளே. இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்று ஒரே பெயரிட்ட மொழிக்காரர்களுக்கு இந்த உறவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மையத்தில் துளையிட்டவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். ஒருவர் அடித்ததை இன்னொருவர் மறுபடி அடித்துச் சரிபார்ப்பார். லத்தீன் தெரியாத பெண்களையே பூசா வேண்டுமென்று தேர்ந்தெடுத்தார் என்று அவருடைய மாணவர் ஒருவர் பதிவு செய்திருக்கிறார். லத்தீன் தெரிந்தவர்கள், அடுத்து என்ன வரும் என்று தாங்களே ஊகித்து அடித்துவிடுவார்களாம். தெரியாதவர்கள் எழுத்தெழுத்தாகப் பார்த்து அடிப்பதால் பிழை குறைவாம். மெய்ப்புத் திருத்தும் எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்: அறிந்த சொல்லில்தான் கண் ஏமாறும். ஆனால், அந்தப் பெண்களின் பெயர்கள் நெடுங்காலம் எங்கும் பேசப்படவில்லை. பூசாவின் மறைவுக்குப் பிறகு, மெலிசா டெராஸ், ஜூலியான் நைஹன் ஆகிய இரு ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்களைக் கொண்டு அவர்களில் சிலரைக் கண்டறிந்து, அவர்கள் வாய்மொழியாகச் சொன்னவற்றைப் பதிவு செய்தார்கள்.

அட்டைகள் அகர வரிசையில் அமைந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்கியது. லத்தீன் மொழியிலும் தமிழைப் போலவே பெயர்கள் வேற்றுமை ஏற்கும். வினைகள் காலமும் இடமும் காட்டி உருமாறும். ஒரே வினையின் பல வடிவங்கள் அகர வரிசையில் வெவ்வேறு மூலைகளில் சிதறிக் கிடக்கும். மறுபுறம், ஒரே வடிவம் இரண்டு சொற்களுக்கு உரியதாகவும் இருக்கும். சிதறியவற்றை ஒரு தலைச்சொல்லின்கீழ் சேர்க்கவும், ஒட்டியவற்றைப் பிரிக்கவும் அன்றைய இயந்திரத்துக்குத் தெரியாது. அறிஞர்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தீர்மானித்தார்கள். ஏறத்தாழ ஒரு கோடியே பத்து லட்சம் சொற்கள். இயந்திரம் உழைத்தது பத்தாயிரம் மணி நேரத்துக்கும் குறைவு, மனிதர்கள் உழைத்தது பத்து லட்சம் மணி நேரத்துக்கும் மேல் என்பது பூசாவின் கணக்கு. 1974 முதல் 1980 வரை 56 தொகுதிகளாக அந்தத் தொடரடைவு அச்சேறியது. 'இன்' என்ற சொல்லையும் அவர் விட்டுவைக்கவில்லை.

பூசா சிறு சொற்களை மதித்தார் என்றால், அதே காலத்தில் அதே ஐபிஎம் நிறுவனத்தில் இன்னொருவர் அவற்றைக் குப்பைக் கூடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் ஹான்ஸ் பீட்டர் லூன். ஜெர்மனியில் பிறந்தவர், துணித் தொழிலிலிருந்து வந்தவர், துணியின் இழைகளை எண்ணும் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தவர். நூலாலைக்கும் நூலகத்துக்கும் உள்ள உறவு இங்கேயும் தொடர்கிறது.

லூனின் கவலை வேறு. போருக்குப் பிறகு அறிவியல் கட்டுரைகள் வெள்ளமாக வந்துகொண்டிருந்தன. அவற்றைப் படித்துப் பொருள் வாரியாக வகைப்படுத்த ஆள்கள் போதவில்லை. வகைப்படுத்தி முடிப்பதற்குள் கட்டுரை பழையதாகிவிடும். எனவே, 1958-இல் எளிய உத்தி ஒன்றை அவர் முன்வைத்தார். கட்டுரையின் தலைப்பை மட்டும் கணினியிடம் கொடுப்பது. தலைப்பிலுள்ள ஒவ்வொரு முக்கியச் சொல்லையும் பக்கத்தின் நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் உள்ள சொற்களை அப்படியே இருபுறமும் அச்சிடுவது. 'டெல்டா வயல்களில் நீர் மேலாண்மை' என்று ஒரு தலைப்பு இருந்தால், அது டெல்டா, வயல், நீர், மேலாண்மை என்று நான்கு இடங்களில் அகர வரிசையில் வரும். எந்தச் சொல்லை நினைவில் வைத்துத் தேடினாலும் கட்டுரை கையில் சிக்கும். யாரும் கட்டுரையைப் படிக்க வேண்டியதே இல்லை. அமெரிக்காவின் வேதியியல் சுருக்கச் சேவை 1960-களின் தொடக்கத்தில் இம்முறையை ஏற்று, ஆய்வுத் தலைப்புகளின் அடைவை வெளியிடத் தொடங்கியது.

இந்த முறை இயங்க வேண்டுமானால், ஆங்கிலத்தில் அடிக்கடி வரும் சுட்டுகளையும் இணைப்புச் சொற்களையும் முன்னிடைச் சொற்களையும் முதலிலேயே விலக்கிவிட வேண்டும். இல்லையென்றால், பாதிப் புத்தகம் அவற்றாலேயே நிறைந்துவிடும். இதற்கென ஒரு விலக்குப் பட்டியல் வைக்கப்பட்டது. பூசா பத்தாயிரம் அட்டைகளில் துரத்திய 'இன்' போன்ற சொற்கள்தாம் அந்தப் பட்டியலை நிரப்பின.

இருவரில் யார் சரி? இருவருமே சரிதான் என்பது என் கருத்து. அவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. 'இந்தக் கட்டுரை எதைப் பற்றியது' என்று கேட்பவருக்குச் சிறு சொற்கள் இடைஞ்சல். 'இதை எழுதியவர் எப்படிச் சிந்தித்தார்' என்று கேட்பவருக்கு அவையே சாட்சி. இதற்கு ஒரு சான்று 1964-இல் அமெரிக்காவிலேயே கிடைத்தது. அந்நாட்டு அரசமைப்பை ஆதரித்து 1787-88-இல் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளில், 12 கட்டுரைகளை எழுதியவர் ஹாமில்டனா, மேடிசனா என்ற வழக்கு நெடுநாளாகத் தீராமல் இருந்தது. ஃபிரெடெரிக் மோஸ்டெல்லர், டேவிட் வாலஸ் என்ற இரு புள்ளியியலாளர்கள், கருத்துச் சொற்களை ஒதுக்கிவிட்டுச் சிறு சொற்களை எண்ணினார்கள். 'மேல்' என்ற பொருள்படும் 'அப்பான்' என்ற சொல்லை ஹாமில்டன் ஆயிரம் சொற்களுக்கு மூன்று முறை போலப் பயன்படுத்துவார். மேடிசன் அரிதாகவே தொடுவார். இதுபோன்ற பல சொற்களின் கணக்கை ஒன்றாக நிறுத்திப் பார்த்து, அந்த 12 கட்டுரைகளையும் எழுதியவர் மேடிசனே என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். எழுதுபவர் தம் கருத்தை மறைக்கலாம். தம்மை அறியாமல் விழும் இடைச்சொற்களை மறைப்பது எளிதன்று.

இதற்கிடையே பிரிட்டனின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர், தேடும் முறைகளையே தேர்வுக்கு உட்படுத்தினார். நிபுணர்கள் பாடுபட்டு அமைத்த வகைப்பாட்டுச் சொற்கள் ஒரு பக்கம். கட்டுரையிலேயே இருக்கும் சாதாரணச் சொற்கள் மறுபக்கம். சாதாரணச் சொற்கள் சளைக்கவில்லை என்று 1966-இல் வந்த முடிவு நூலக உலகுக்குக் கசப்பாகவே இருந்தது. 1972-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் அடுத்த அடியை எடுத்து வைத்தார். சொற்களை 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டாகப் பிரிப்பதற்குப் பதிலாக, ஒரு சொல் எத்தனை ஆவணங்களில் வருகிறது என்று எண்ணி, குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம் என்றார். தேடுபொறிகள் முடிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில் இந்த எடை முறை நெடுங்காலம் அடித்தளமாக இருந்தது.

இந்த வரலாற்றில் ஒரு தமிழரின் பெயர் பெருமையுடன் இடம்பெறுகிறது. ஆட்சிப் பணி அதிகாரியாகவும் பின்னாளில் 'தினமணி' ஆசிரியராகவும் விளங்கிய ஐராவதம் மகாதேவன் (1930-2018), சிந்துவெளி எழுத்துகளுக்கு ஒரு தொடரடைவு உருவாக்க முனைந்தார். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கணினி அதற்குத் துணை நின்றது. 2,906 எழுத்துப் பதிவுகள், 417 குறிகள் கொண்ட அந்தத் தொகுப்பை 1977-இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. படிக்கத் தெரியாத எழுத்துக்கு அடைவு எதற்கு என்று தோன்றலாம். படிக்கத் தெரியாததால்தான் அது இன்றியமையாததாகிறது. எந்தக் குறி தொடரின் இறுதியில் மிகுதியாக வருகிறது, எது எதனோடு இணைந்து வருகிறது என்பவை மட்டுமே அங்கே கிடைக்கும் தடயங்கள். சராசரியாக ஐந்து குறிகளே கொண்ட குறுந்தொடர்களில், எண்ணிப் பார்ப்பதைத் தவிர உறுதியான வேறு பிடிமானம் குறைவு.

ஆனால், எண்ணுவதற்கு முன் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். மீன் போன்ற ஒரு குறி இருக்கிறது. அதன் மேல் கூரை போல ஒரு கோடு போட்ட குறியும் இருக்கிறது. இவை இரண்டு எழுத்துகளா, ஒரே எழுத்தின் இரு வடிவங்களா? மகாதேவன் 417 குறிகள் என்றார். ஃபின்லாந்தின் அஸ்கோ பர்ப்போலா 1994-இல் வெளியிட்ட பட்டியலில் 386. கணினி எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் பிழையின்றி எண்ணித் தரும். பட்டியலைத் தீர்மானிப்பது ஆய்வாளரின் கண். கல்லராத்தேயில் லத்தீன் அறிஞர்கள் செய்ததும் இதே வேலைதான்.

இனி நம் 'மரத்து'க்குத் திரும்புவோம். கிளெவர்டன் கண்ட முடிவு ஆங்கிலத்துக்குப் பொருந்தியதற்கு ஒரு காரணம், அங்கே ஒரு சொல்லுக்கு உருவங்கள் சிலவே. தமிழில் ஒரு பெயர்ச்சொல் எட்டு வேற்றுமையையும் பன்மையையும் 'உம்', 'ஏ', 'ஓ', 'தான்' போன்றவற்றையும் ஏற்று நூற்றுக்கணக்கான உருவங்களில் நடமாடும். லூன் விலக்கிவைத்த சிறு சொற்கள் ஆங்கிலத்தில் தனித்து நின்றதால் அவற்றை நீக்குவதாவது எளிதாக இருந்தது. நம் மொழியில் அவை சொல்லின் வாலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. சந்தி வேறு மூட்டுவாயை மறைத்துவிடுகிறது. தொல்காப்பியர் தனி இயல் ஒதுக்கி ஆராய்ந்த இடைச்சொற்கள் கணினியின் கண்ணுக்குச் சொல்லாகவே தெரிவதில்லை. சங்க இலக்கியத்துக்கு தாமஸ் லேமன், தாமஸ் மால்ட்டன் ஆகியோர் ஜெர்மனியில் உருவாக்கி 1990-களின் தொடக்கத்தில் வெளியிட்ட சொல்லடைவு பயன் மிக்கதாக இருக்கிறதென்றால், புணர்ந்து கிடந்த சொற்களை மனிதர்கள் பிரித்துக் கொடுத்ததுதான் அதற்குக் காரணம்.

இன்றைய செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் 'மரம்', 'மரத்தை' போன்றவற்றைத் தாமாகவே ஓரளவு தொடர்புபடுத்திக்கொள்கின்றன என்பது உண்மை. உரையாடலுக்கு அது போதும். ஒரு சட்டச் சொல் ஆளப்பட்ட எல்லா இடங்களும் வேண்டும் என்னும் வழக்குரைஞருக்கும், ஒரு சொல் முதன்முதலில் தோன்றிய இடத்தைத் தேடும் அகராதியியலாளருக்கும் 'ஓரளவு' போதாது. இதற்கும் முந்தைய படியிலேயே நாம் நிற்கும் இடங்களும் உண்டு. மின்னூலகங்களில் பழைய தமிழ் நூல்களும் இதழ்களும் பக்கப் படங்களாக ஏற்றப்படுவதை 'எண்மமயமாக்கல்' என்று கொண்டாடுகிறோம். படத்தைப் பாதுகாக்கலாம், அச்சிடலாம். எழுத்தாக மாற்றாதவரை அதற்குள் தேட முடியாது. எழுத்துணரி மென்பொருள் மாற்றித் தரும் உரையிலும் 'ர'வும் துணைக்காலும் இடம் மாறிக் கிடந்தால், கல்லராத்தேயின் இரண்டாவது ஆள் செய்த சரிபார்ப்பை யாராவது செய்தே ஆக வேண்டும்.

தமிழ்த் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் வரும் முனைவர் பட்ட ஆய்வேடுகளில் ஒரு சிறு பங்கையேனும் இந்த வேலைக்கு ஒதுக்கலாம். ஓர் ஆய்வாளர் ஒரே ஒரு நூலை எடுத்துக்கொள்ளட்டும். 'ஓடு' என்று வரும் ஒவ்வோர் இடத்திலும் அது ஓடச் சொல்லும் ஏவலா, கூரையில் வேயும் ஓடா, மூன்றாம் வேற்றுமை உருபா என்று குறிக்கட்டும். 'ஆறு' வரும் இடங்களில் எண்ணையும் நதியையும் வழியையும் பிரிக்கட்டும். அப்படிக் குறித்த உரையை ஆய்வேட்டின் பிற்சேர்க்கையில் அச்சிட்டு அலமாரியில் வைக்காமல், எவரும் எடுத்துத் தேடும்படி எழுத்துக் கோப்பாகப் பொதுவில் வைக்கப் பல்கலைக்கழகம் விதி செய்யட்டும். பூசாவின் தொடரடைவை 2005 முதல் எவரும் கட்டணமின்றி இணையத்தில் தேடிப் படிக்க முடிகிறது. அதில் 'இன்' என்று தேடுபவருக்கு அட்டை எழுதும் வேலை இனி இல்லை.